டிபன் வண்டிக்கு ஒரு லித்தியம் பெட்டி

லித்தியம் பேட்டரி செய்துதரச் சொல்லிக் கடைக்கு வருகிறவர்கள் செல்லைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, ஏ கிரேடா, எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-அவர்), எத்தனை வருஷம் வரும். எல்லாம் பேசி முடித்து முன்பணம் கொடுக்கும்போது, "ஒரு பி.எம்.எஸ்.ஸும் சேர்த்துப் போட்டுடுங்க" என்பார்கள், பெட்டிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்வதுபோல. நான் அங்கே பேச்சை நிறுத்தி அவர்களை உட்காரச் சொல்வேன். நல்ல செல்லை ஒவ்வாத பி.எம்.எஸ். ஒரே கோடையில் வீணாக்கிவிடும். சுமாரான செல்லைக்கூடப் பொருத்தமான பி.எம்.எஸ். பல வருஷம் காப்பாற்றிக் கொடுக்கும்.

தஞ்சாவூரில் இன்வர்ட்டர், யு.பி.எஸ். பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவள். முன்பெல்லாம் வீட்டு ட்யூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், போர்டு மாற்றுவதுமாகப் போனது பிழைப்பு. இப்போது வேறு ஆட்கள் வருகிறார்கள். ஜூஸ் வண்டி, மைக்செட், கல்யாண வீடியோ, பொம்மலாட்டம். ஜெனரேட்டர் சத்தமும் புகையும் இல்லாமல், தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கரண்ட் வேண்டும் இவர்களுக்கு. கடையில் விற்கும் ரெடிமேட் பவர் ஸ்டேஷன் விலை கட்டுப்படியாகவில்லை. செல் வாங்கி நாமே கட்டிக்கொண்டால் செலவு குறையும். ஆனால் ரெடிமேட் பெட்டியில் கம்பெனிக்காரர்கள் யோசித்து முடித்துவிட்ட விஷயங்களை இங்கே நாம் யோசித்தாக வேண்டும். அதில் முதலாவது பி.எம்.எஸ்.

பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று நீட்டிச் சொன்னாலும் அது உள்ளங்கையகலமோ சற்றுப் பெரியதோ ஆன ஒரு மின்பலகைதான். ஒரு பெட்டிக்குள் பல செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும். உள்ளே எது நிரம்பிவிட்டது, எது இன்னும் காலியாகக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எட்டு செல்லில் ஏழு 3.4 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் 3.9-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 27.7 வோல்ட்தான் வரும். சார்ஜர் இன்னும் இடமிருக்கிறது என்று ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றைச் செல் உப்பும், வாயு கக்கும். பி.எம்.எஸ். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய ஒயரை நீட்டித் தனித்தனியாக அளந்துகொண்டிருக்கும். எந்தச் செல்லாவது எல்லை தாண்டினால், தன்னிடமுள்ள மாஸ்பெட் என்ற மின்னணு சுவிட்சுகளை அணைத்து மொத்தப் பேட்டரியையும் வெளியுலகிலிருந்து துண்டித்துவிடும். அதிக கரண்ட், ஷார்ட் சர்க்யூட், அதிகச் சூடு, இவற்றுக்கும் அப்படியே.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதற்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற வாகன பேட்டரித் தரவிதியைக் கடுமையாக்கியது. நம் வீட்டுத் திண்ணையில் கட்டுகிற பெட்டியைச் சோதித்துப் பார்க்க அப்படி யாரும் வரப்போவதில்லை. கட்டுகிறவர்தான் பொறுப்பு. அதனால்தான் இதை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் புரியாது. அண்மையில் கட்டிய ஒரு பெட்டியை வைத்தே சொல்கிறேன். ஒரு அண்ணனும் அண்ணியும் டாடா ஏஸ் வண்டியின் பின்பக்கத்தை இரவு டிபன் கடையாக மாற்றியிருந்தார்கள். அடுப்பெல்லாம் கேஸ். கரண்ட் தேவைப்படுவது விளக்கு, மின்விசிறி, சின்ன பிரிட்ஜ், சட்னி அரைக்க மிக்சி, அப்புறம் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸும் போனும். அண்ணன் வரும்போதே முடிவோடு வந்தார்.

"நூறு ஆம்பியர் பி.எம்.எஸ். போட்டா எல்லாம் ஓடும்னு ஒருத்தர் சொன்னாரும்மா. நீ அதையே வாங்கிப் போட்டுடு."

"மிக்சி எத்தனை வாட்டுண்ணே?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணிதான் போனில் மிக்சியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். 750 வாட். "மிக்சி போட்டா லைட்டு அணையக் கூடாதும்மா. இருட்டுல உக்காந்து யாரும் சாப்பிட மாட்டாங்க" என்றார். பெட்டிக்கு வேண்டிய முழு விவரமும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

கணக்கு இப்படிப் போனது. பத்து வாட் எல்.இ.டி. நாலு, 40 வாட். மின்விசிறி 50. பிரிட்ஜ் ஓடும்போது 70. போன், சவுண்ட் பாக்ஸ் வகையறா 20. மிக்சி 750. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 930 வாட். இன்வர்ட்டர் தன் பங்குக்குச் சுமார் 12 சதவீதத்தைச் சூடாக்கி வீணாக்கும் என்று கொண்டால், பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய 1,060 வாட். இதை 12 வோல்ட் பெட்டியில் செய்தால், பேட்டரி 12.8 வோல்ட்டில் இருக்கும்போது 83 ஆம்பியர். சார்ஜ் இறங்கி 11.5-க்கு வரும்போது 92 ஆம்பியர். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்ணனிடம் யாரோ சொன்ன 100 ஆம்பியர் பி.எம்.எஸ். கணக்குப்படி தாங்கும்தான். ஆனால் பத்துமணிக்கு, கூட்டம் நிற்கும்போது, அதன் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

விளிம்பில் ஓடுவதில் என்ன குறை? சூடுதான். மாஸ்பெட்டுக்கும் அதைச் சேர்ந்த பாதைக்கும் சின்னதாக ஒரு மின்தடை உண்டு. அதில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயரும். கரண்டைப் பாதியாக்கினால் சூடு கால்பங்காகிவிடும். ஒரு மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 92 ஆம்பியரில் எட்டரை வாட் சூடு; 46 ஆம்பியரில் இரண்டு வாட்டுக்குச் சற்று மேல். எட்டரை வாட் பெரிதில்லையே என்று தோன்றும். தஞ்சாவூர் மே மாதம், மூடிய பெட்டி, இரண்டடி தள்ளி தோசைக்கல். அந்தச் சூடு போக இடமில்லை. பலகைமேல் அச்சடித்திருக்கும் ஆம்பியர், நல்ல காற்றோட்டத்தில், குளிர்ந்த அறையில் அளந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நம்மூருக்கு அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்க விடமாட்டேன். விலை மலிந்த பலகை என்றால் பாதிதான்.

அதனால் பெட்டியை 24 வோல்ட் வகையாக்கினோம். 3.2 வோல்ட் 100 ஏ.எச். செல் எட்டு, வரிசையாக. மொத்தம் 25.6 வோல்ட், 2,560 வாட்-அவர். மிக்சி ஓடும்போது 41 முதல் 44 ஆம்பியர். மாலை ஆறு மணி முதல் பதினொன்று வரை அவர்களுக்கு ஆகும் செலவு, இன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்து, ஆயிரம் வாட்-அவருக்குச் சற்று மேல். ஒருநாள் வீட்டில் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் சார்ஜ் போட முடியாமல் போனாலும் மறுநாள் கடை நடக்கும். இப்போது அதே 100 ஆம்பியர் பி.எம்.எஸ்.ஸைப் போடலாம். அது பாதிச் சுமையில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். மிக்சி கிளம்பும் அந்த நொடியில் இன்வர்ட்டர் 2,000 வாட்வரை இழுத்தாலும் 95 ஆம்பியர்தான். அண்ணன் சொன்ன எண்ணையே கடைசியில் போட்டோம். ஆனால் பெட்டியை மாற்றிய பிறகு.

செல் எந்த வேதியியல் என்று பார்க்காமல் பி.எம்.எஸ். வாங்கக் கூடாது. சந்தையில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இன்னொன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாங்கள் எல்.எப்.பி. என்போம்; முழுச் சார்ஜில் 3.65 வோல்ட். முதல் வகைக்குச் செய்த பலகையை எல்.எப்.பி. செல்லுக்குப் போட்டால், 4.2 தாண்டிய பிறகுதான் அது துண்டிக்கும். அதற்குள் செல் கெட்டுப்போயிருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. முதல் வகையில் ஏழு செல் கோத்தாலும், எல்.எப்.பி.யில் எட்டு செல் கோத்தாலும் இரண்டுமே "24 வோல்ட்" என்றுதான் விற்கும். முழுச் சார்ஜ் ஒன்றுக்கு 29.4, மற்றதற்கு 29.2. பலகைகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வோல்ட்டைச் சொல்லி வாங்காதீர்கள். எல்.எப்.பி., எட்டு செல் என்று சொல்லி வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பெட்டியைப் பிரித்ததும் பலகையில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுத்தான் மேலே கைவைக்க வேண்டும்.

வண்டியில் வைக்கும் பெட்டிக்கு நான் எல்.எப்.பி. தவிர வேறெதையும் கட்டுவதில்லை. எடை கூடுதல்தான். ஆனால் அதில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் லேசில் ஆக்சிஜனை விடாது. தீக்குத் தானே காற்று ஊட்டிக்கொள்ளும் குணம் மற்ற வகையைவிட மிகக் குறைவு. எரியவே எரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு மீறிச் சார்ஜ் ஏறினால் எரியக்கூடிய வாயுவை இதுவும் கக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபும் அக்ஷய பாதியும் சக ஆய்வாளர்களும் 1997-இல் இந்தப் பொருளை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1980-களில், சல்பேட் போன்ற சேர்மங்களை வைத்து இந்தத் திசையில் வழியைத் திறந்தவர்கள் குட்இனஃபும் ஆறுமுகம் மந்திரமும். மந்திரம் தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019-இல் குட்இனஃபுக்கு 97 வயதில் வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் இவர்தான். பட்டறை மேசையில் இந்த நீல உறைபோட்ட செல்களை அடுக்கும்போது இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பி.எம்.எஸ். தினமும் வேலை செய்யக் கூடாது. தினசரி ஏற்றுவதையும் இறக்குவதையும் நிறுத்த வேண்டியவை சார்ஜரும் இன்வர்ட்டரும். அவை தவறும்போது மட்டும் குறுக்கே வர வேண்டியது பி.எம்.எஸ். இந்த வரிசை குலையாதபடி எண்களை வைப்பதுதான் தேர்வின் உயிர்நாடி.

அண்ணன் பெட்டியில் இப்படி வைத்தோம். சார்ஜர் 28.4 வோல்ட்டில் நிறுத்தும், செல்லுக்கு 3.55. பி.எம்.எஸ். 3.65-இல் துண்டிக்கும். கீழே, இன்வர்ட்டர் 24 வோல்ட்டில் நின்றுவிடும், செல்லுக்கு 3.0. பி.எம்.எஸ். 2.7-இல் துண்டிக்கும். 2.5 வரை போகலாம் என்று செல்லின் தரவுத்தாள் சொல்லும். ஆனால் 3.0-க்குக் கீழே மிச்சமிருப்பது சொற்பம். அதைப் பிழிந்து எடுப்பதில் லாபமில்லை.

இந்த எண்களை மாற்ற வேண்டுமென்றால் பி.எம்.எஸ். அதற்கு இடம்கொடுக்க வேண்டும். சில பலகைகளில் எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஜே.கே., ஜே.பி.டி., டேலி போன்ற பெயர்களில் வரும் ஸ்மார்ட் வகைகளில் புளூடூத் வழியாகப் போனிலேயே மாற்றலாம். சின்ன டார்ச், எமர்ஜென்சி விளக்கு என்றால் பூட்டிய பலகை போதும். நூறு ஏ.எச். பெட்டிக்கு, செல் ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட் என்று பார்க்க முடியாத பலகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஸ்மார்ட் வகை வாங்கினால் முதல் வேலையாக அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் எவருடைய போனிலிருந்தும் உங்கள் பெட்டியை அணைத்துவிட முடியும்.

வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய 24 வோல்ட் இன்வர்ட்டரை லித்தியம் பெட்டியோடு சேர்த்துவிடுவார்கள். அது ட்யூபுலர் பேட்டரிக்குச் செய்தது. கீழே 21 வோல்ட்வரை இழுக்கும். செல்லுக்குச் சராசரி 2.6. அதற்குள் இருப்பதிலேயே பலவீனமான செல் 2.5-க்குப் போய்விடும். இன்வர்ட்டர் எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே பி.எம்.எஸ். பட்டென்று துண்டிக்கும். கடை இருளும். அடுத்த சிக்கல் அதைவிடக் குழப்பமானது. பி.எம்.எஸ். துண்டித்த பெட்டியின் முனைகளில் மீட்டர் வைத்தால் ஏறத்தாழ பூஜ்யம் காட்டும். பேட்டரி இருப்பதாகவே தெரியாததால் பல சார்ஜர்கள் ஏற்ற மறுத்துவிடும். "பேட்டரி செத்துப்போச்சும்மா" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். செல் நன்றாகத்தான் இருக்கும். தூங்கும் பெட்டியை எழுப்பும் வசதியுள்ள லித்தியம் சார்ஜரை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். ட்யூபுலர் இன்வர்ட்டர்களில் ஈக்வலைசேஷன் என்று ஒரு முறை உண்டு. 12 வோல்ட் பேட்டரிக்குப் பதினைந்து வோல்ட்டுக்கு மேலேகூட ஏற்றும். லித்தியம் பெட்டியோடு அதை ஒருபோதும் வைத்திருக்கக் கூடாது.

காமன் போர்ட், செபரேட் போர்ட் என்று பலகையில் இரண்டு தினுசு. முதலாவதில் சார்ஜும் லோடும் ஒரே முனை வழியாகப் போகும். இரண்டாவதில் சார்ஜுக்குத் தனி முனை. பெரும்பாலும் அதன் கொள்ளளவு லோடு முனையைவிடக் குறைவு. இன்வர்ட்டரே சார்ஜராகவும் இருந்தாலோ, பின்னால் சோலார் சேர்க்கும் எண்ணம் இருந்தாலோ காமன் போர்ட்தான் சரி. எதுவானாலும் சார்ஜ் ஆம்பியர் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது லோடுக்கானது.

பேலன்சிங் பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. பி.எம்.எஸ். போட்டால் செல்கள் தானாகச் சமமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். சாதாரணப் பலகைகள் செய்வது பாசிவ் பேலன்சிங். அதிகம் ஏறிய செல்லிலிருந்து சின்ன மின்தடை வழியாகக் கொஞ்சம் கரண்டைச் சூடாக வடித்துவிடும். அந்தக் கொஞ்சம் பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர் அளவுதான். ஒரு செல் மற்றவற்றைவிட 5 ஏ.எச். முந்தியிருந்தால், அதைச் சரிசெய்ய 100 மணி நேரம் வேண்டும். அதுவும் செல் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும் நேரத்தில் மட்டுமே இது நடக்கும் என்பதால், நிஜத்தில் பல வாரம். ஆக்டிவ் பேலன்சிங் உள்ள பலகை, நிறைந்த செல்லிலிருந்து எடுத்துக் குறைந்த செல்லுக்குக் கொடுக்கும். ஒரு ஆம்பியர் வகை என்றால் ஐந்து மணி நேரம். நூறு ஏ.எச்.க்கு மேல் போகிறவர்களும், பழைய மின்வாகனப் பேட்டரியில் கழற்றிய செல்லை வாங்குகிறவர்களும் ஆக்டிவ் வகைக்கே போகலாம். கூடுதல் விலைக்குத் தகும்.

எதுவாக இருந்தாலும், கோப்பதற்கு முன்பே செல்களைச் சமப்படுத்திவிடுவது நல்லது. எட்டையும் இணையாகச் சேர்த்து, பவர் சப்ளையை முதலில் 3.65-க்கு வைத்து மீட்டரில் சரிபார்த்த பிறகு இணைத்து, கரண்ட் தானாக வற்றும்வரை ஏற்ற வேண்டும். நாள் கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள்.

போனில் தெரியும் செல் வோல்ட்டுகளை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். எல்.எப்.பி. செல், இருபது சதவீதத்திலிருந்து எண்பதுவரை 3.2-க்கும் 3.35-க்கும் நடுவிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் எட்டும் ஒன்றுபோலத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சார்ஜ் முடியும் தறுவாயில் பாருங்கள். வித்தியாசம் அப்போதுதான் வெளியே வரும். இன்னொரு நேரம், மிக்சி ஓடும்போது. ஒரு செல் மட்டும் சட்டென்று இறங்கி, மிக்சியை நிறுத்தியதும் சட்டென்று பழைய இடத்துக்கு வந்தால், செல்லைச் சந்தேகிப்பதற்கு முன், செல்களை இணைக்கும் தகடான பஸ்பாரின் நட்டைப் பாருங்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டு தளர்ந்திருக்கும். இறுக்கும்போது வெறிகொண்டு இறுக்கவும் கூடாது. செல்லின் முனை அலுமினியம்; மரை போய்விட்டால் செல்லே போனமாதிரி.

பி.எம்.எஸ். இருக்கிறதே, பியூஸ் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. மாஸ்பெட் கெடும்போது பெரும்பாலும் திறந்துகொண்டு கெடாது, ஒட்டிக்கொண்டு கெடும். அதாவது துண்டிக்க வேண்டிய உறுப்பு, எப்போதும் இணைத்தபடியே நின்றுவிடும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே தடை பியூஸ்தான். எட்டு நல்ல செல்லை நேரடியாக ஷார்ட் செய்தால் சில ஆயிரம் ஆம்பியர் பாயும். அதை அறுத்து நிறுத்தும் திறன் உள்ள பியூஸ் வேண்டும். கண்ணாடிக் குழாய் பியூஸும், வீட்டுச் சுவரில் மாட்டும் ஏ.சி. எம்.சி.பி.யும் இதற்கு உதவாது. டி.சி.யில் தோன்றும் தீப்பொறி தானாக அணையாது. கிளாஸ் டி என்ற வகை மிக நல்லது, கிடைக்காவிட்டால் ஏ.என்.எல். போடுங்கள். அண்ணன் பெட்டியில் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 100 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது.

இணைக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவை பி.எம்.எஸ்.ஸின் பி மைனஸ் முனையில் கட்ட வேண்டும். பிறகு மெல்லிய பேலன்ஸ் ஒயர்கள். எட்டு செல்லுக்கு ஒன்பது. அவற்றைச் செல்லில் கட்டிவிட்டு, பிளக்கைப் பலகையில் செருகுவதற்கு முன், நெகட்டிவிலிருந்து ஒவ்வொரு ஊசியாக மீட்டர் வைத்துப் பாருங்கள். 0, 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படி தாண்டியிருந்தாலோ, மைனஸ் காட்டினாலோ ஒயர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் புதுப் பலகை அந்த இடத்திலேயே போய்விடும். இன்வர்ட்டரை முதன்முதலில் இணைக்கும்போது அதன் கெபாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும். ஒரே மடக்கில் இழுக்கும் கரண்டை ஷார்ட் என்று எண்ணி பி.எம்.எஸ். துண்டித்துவிடும். 25 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகச் சில நொடி கொடுத்துவிட்டுப் பிறகு நேராக இணைத்தால் பொறியும் பறக்காது, டிரிப்பும் ஆகாது.

இன்னொரு தவறு, படித்தவர்களும் செய்வது. 24 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை எரிக்க, நாலாவது செல்லின் நடுவிலிருந்து ஒரு ஒயரை உருவிவிடுவார்கள். கீழ் நாலு செல் தினமும் கூடுதலாகக் காலியாகும். எந்தப் பேலன்சரும் அதை ஈடுகட்ட முடியாது. போதாததற்கு, அந்த ஒயர் பி.எம்.எஸ்.ஸைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெரும்பாலான பலகைகள் நெகட்டிவ் பக்கத்தில்தான் துண்டிக்கின்றன. பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த எந்த லோடுக்கும் பாதுகாப்பு கிடையாது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை பி மைனஸுக்கு அப்பால், வெளி முனையில் மாட்டுங்கள். வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் எடுப்பதும் இப்படித்தான்: நேராகக் கட்டினால், பி.எம்.எஸ். துண்டிக்கும் நொடியில் எகிறும் வோல்ட் வண்டியின் எலக்ட்ரானிக்ஸைப் பதம் பார்க்கும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் இருக்க வேண்டும்.

அண்ணன் பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நீண்ட பேச்சு. அவருக்கு அடுப்பு மேடைக்குக் கீழே இடம் தோதாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 45 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் செல்லின் ஆயுசு வேகமாகக் குறையும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வேறு. கடைசியில் டிரைவர் கேபின் சுவரை ஒட்டி, அடுப்புக்கு எதிர்க்கோடியில் தரையோடு போல்ட் போட்டோம். செல்களுக்கு நடுவே ஹைலம் ஷீட் வெட்டி வைத்தேன். அந்த அலுமினிய உறைகளில் மின்னழுத்தம் உண்டு, குலுக்கலில் நீலப் படலம் தேய்ந்தால் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். பேலன்ஸ் ஒயர்களுக்குத் துணி ஸ்லீவ். வெப்ப சென்சார் ஒன்றை ஓரத்தில் ஒட்டாமல் நடுச் செல்கள் இரண்டுக்கும் இடையில் செருகினேன். சூடு தங்குவது அங்கேதான். பி.எம்.எஸ்.ஸைச் செல்மேல் படுக்க வைக்காமல், தனி அலுமினியத் தகட்டில், காற்றுத் துளைக்கு எதிரே நிறுத்தினேன்.

மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். பெட்டி துண்டித்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யக் கூடாது. போனில் காரணம் என்ன வந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வோல்ட் குறைவு என்றால் சார்ஜ் போடலாம். சூடு என்றால் மூடியைத் திறந்து ஆற விட வேண்டும். ஷார்ட் என்றால் எதையும் தொடாமல் எனக்குப் போன் செய்ய வேண்டும். செல் உப்பினாலோ, இனிப்பான கெமிக்கல் வாடை வந்தாலோ சிலிண்டரை மூடிவிட்டு ஆட்களை விலக்க வேண்டும்.

போன வாரம் அண்ணி கடைக்கு வந்தார். மாவும் வண்டியிலேயே அரைத்தால் என்ன என்று யோசனை. டேபிள்டாப் கிரைண்டர், 150 வாட். "பி.எம்.எஸ். மாத்தணுமாம்மா?" என்றார்.

"வேண்டாம் அண்ணி. அதுக்கு இன்னும் நிறைய இடமிருக்கு. ஆனா மிக்சியும் கிரைண்டரும் ஒண்ணா ஓடினா மத்ததோட சேர்த்து 1,080 வாட் ஆகுது. உங்க இன்வர்ட்டர் ஆயிரம் வாட்தான். கிரைண்டரை நிறுத்திட்டு மிக்சி போடுங்க."

"அப்ப அஞ்சு மணிக்கே மாவை அரைச்சு எடுத்து வெச்சிடறேன்" என்று சொல்லி, கிரைண்டர் வாங்கப் போனார்.